வானவில்லும் தாவோயியமும்: ஓர் எளிய அறிமுகம்

எட்டாம் நூற்றாண்டில், சீனாவைத் தாங் அரசமரபு ஆண்ட காலத்தில், ஜாங் ஜீஹெ என்றொரு தாவோயியர், அதாவது தாவோ என்னும் இயற்கை நெறியைப் போற்றும் பழஞ்சீன மரபைச் சேர்ந்தவர், வாழ்ந்தார். அரசவையில் அறிஞராகப் பணியாற்றிய அவர், பிறகு பதவி வாழ்க்கையை விட்டு விலகி, ஒரு சிறு படகையே வீடாக்கிக்கொண்டார். மூடுபனிக்கும் அலைக்கும் நடுவே தூண்டில் போடுபவன் என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டார். அவர் தூண்டிலில் இரை வைப்பதில்லை என்றும், அவருடைய நாட்டம் மீனில் இல்லை என்றும் தாங் வரலாற்று நூல் பதிவு செய்திருக்கிறது. அவர் எழுதி வைத்தவற்றுள் ஒரு சிறு வாக்கியம் உண்டு. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று நீரை ஊதித் தூவினால் வானவில்லின் உருவம் உண்டாகும் என்பதே அது.

இதை யாரும் செய்து பார்க்கலாம். காலை ஏழு, எட்டு மணி அளவில் மொட்டை மாடியில் வெயில் முதுகில் படும்படி நின்றுகொள்ளுங்கள். எதிரே இருண்ட சுவரோ மரமோ இருந்தால் நல்லது. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் துணி தேய்ப்பவர்கள் வேட்டியின் மேல் நீர் தெளிப்பார்களே, அதுபோல உதடுகளை இறுக்கி ஒரே மூச்சில் ஊதுங்கள். திவலைகள் தரையில் விழுவதற்குள், கண் இமைக்கும் அந்தச் சிறுபொழுதுக்குள், உங்கள் நிழலின் தலைக்கு மேலே சிவப்பும் பச்சையும் ஊதாவும் கலந்த ஒரு வளைவு தோன்றி மறையும். ஓரிரு முறை தவறிப்போகலாம். கண் எங்கே பார்க்க வேண்டும் என்று பழகிவிட்டால் பிறகு தவறாது.

தாவோயியத்தில் வானவில்லுக்கு என்ன பொருள் என்று கேட்பவர்களுக்கு, நல்வாய்ப்பின் அடையாளம், விண்ணுலகுக்குப் பாலம் என்றெல்லாம் எளிதாக விடை கிடைத்துவிடுகிறது. பழைய சீன நூல்களை நெருங்கிப் பார்த்தால் அந்த விடைகள் நிற்பதில்லை. அங்கே வானவில் பெரும்பாலும் அச்சத்துக்குரியது. அதே மரபுக்குள் வேறு சிலர் வைகறையின் நிற ஒளியை உணவாக உட்கொள்ள முயன்றார்கள். இன்னும் சிலர் ஜாங் ஜீஹெயைப் போல அதைத் தாமே உண்டாக்கிப் பார்த்தார்கள். இந்த மூன்று போக்குகளுக்கும் அடியில் ஒரே கருத்து ஓடுகிறது. நிற ஒளி என்பது தனித்து நிற்கும் ஒரு பொருளன்று, எதிரெதிரான இரண்டு சந்திக்கும் இடத்தில் நிகழும் ஒரு நிகழ்ச்சி என்பதே அந்தக் கருத்து. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும்.

முதலில் இரண்டு மூன்று சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'ச்சி' என்ற சீனச் சொல்லுக்கு மூச்சு, ஆவி, காற்று, உயிர்ப்பு என்ற பொருள்கள் ஒருசேர உண்டு. அதன் மரபெழுத்துக்குள் அரிசியைக் குறிக்கும் எழுத்து அடங்கியிருப்பதால், உலை கொதிக்கும்போது எழும் ஆவியை நினைத்துக்கொண்டால் சொல்லின் சுவை நமக்கு எளிதில் பிடிபடும். கல், நீர், மேகம், மனித உடல், எண்ணம் எல்லாமே ச்சியின் இறுகிய அல்லது இளகிய நிலைகள் என்பது சீனச் சிந்தனையின் அடிப்படை. 'யின்', 'யாங்' என்ற இணைச் சொற்களோ தொடக்கத்தில் ஒரு மலையின் நிழல் விழும் பக்கத்தையும் வெயில் படும் பக்கத்தையும் குறித்தவை. அவை இரண்டு தனிப் பொருள்கள் அல்ல. ஒரே மலையின் இரண்டு பக்கங்கள். சூரியன் நகர நகர நிழற்பக்கம் வெயிற்பக்கமாகிவிடும். குளிர்ச்சி, ஈரம், இருள், பெண்மை ஆகியவை யின்னுக்கும், வெப்பம், உலர்வு, ஒளி, ஆண்மை ஆகியவை யாங்குக்கும் உரியனவாகப் பின்னாளில் வகுக்கப்பட்டன. எல்லா உயிர்களும் யின்னை முதுகில் சுமந்து யாங்கை மார்போடு அணைத்து, இவ்விரண்டின் கலப்பால் இசைவு பெறுகின்றன என்று தாவோயியத்தின் மூலநூலான 'தாவோ தே ஜிங்'கின் 42ஆம் பகுதி கூறுகிறது.

இந்தக் கண்ணோடு வானத்தைப் பாருங்கள். மழை யின், வெயில் யாங். முழு மழையில் வானவில் இல்லை, முழு வெயிலிலும் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று தொடும் அந்தக் குறுகிய வேளையில்தான் அது பிறக்கிறது. வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் காக்கைக்கும் நரிக்கும் கல்யாணம் என்று நம் ஊரில் சிறுவர்கள் கூவுவதுண்டு. சீனர்களும் அந்த வேளையில் ஒரு கூடலைத்தான் கண்டார்கள். ஆனால் அவர்களுக்கு அது மகிழ்ச்சியான கல்யாணமாகத் தோன்றவில்லை.

சீன மொழியில் வானவில்லைக் குறிக்கும் 'ஹொங்' என்ற எழுத்தின் ஒரு பாதி, புழுவையும் பாம்பையும் குறிக்கும் உறுப்பாகும். நாம் வானில் வில்லைக் கண்டோம். அவர்கள் வளைந்து கிடக்கும் ஓர் உயிரைக் கண்டார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஷாங் காலத்தில், குறி கேட்பதற்காக எலும்புகளிலும் ஆமையோடுகளிலும் பொறித்த எழுத்துகளில், வானவில் இரண்டு முனைகளிலும் வாய் திறந்த தலைகளோடு வளைந்த பாம்பாக வரையப்பட்டிருக்கிறது. அத்தகைய பொறிப்பொன்று, வடக்கிலிருந்து வானவில் தோன்றி ஆற்றில் நீர் குடித்தது என்று தெரிவிக்கிறது. அந்த ஆறு மஞ்சள் ஆறு. இரு முனைகளும் நிலத்தைத் தொடுவதால் இரு தலைகள். முனைகள் நீர்நிலைகளில் இறங்குவது போலத் தோன்றுவதால் நீர் குடிக்கும் பாம்பு. கண்ணால் கண்டதை எவ்வளவு நுட்பமாக ஓர் உருவமாக்கியிருக்கிறார்கள் என்று வியக்கத் தோன்றுகிறது.

மழை நன்கு பெய்து ஓய்ந்த மாலைகளில் இரட்டை வானவில் தோன்றுவது உண்டு. உள்ளே இருப்பது பளிச்சென்றும், வெளியே இருப்பது மங்கலாகவும், நிற வரிசை தலைகீழாகவும் இருக்கும். பளிச்சென்றதை ஹொங் என்று ஆணாகவும், மங்கலானதை 'நி' என்று பெண்ணாகவும் சீன மரபு பெயரிட்டது. யாங்கும் யின்னும் இணையாக வானில் நிற்பதாக அதற்குப் பொருள். இந்தக் கூடல் முறையானதா, முறையற்றதா என்ற கேள்வி அறநூலாரை உறுத்தியது. வானவில் கிழக்கில் நிற்கிறது, அதைச் சுட்டிக்காட்ட யாரும் துணிவதில்லை என்று தொடங்கும் மிகப் பழைய பாடல் ஒன்று சீனத் தொகை நூலில் இருக்கிறது. பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் விட்டுப் போகும் ஒரு பெண்ணைப் பற்றி அது பேசுகிறது. ஊர் அறியாமல் காதலனோடு போய்விட்டவளைக் கண்டிக்கும் பாடல் என்றே உரைகாரர்கள் அதற்கு விளக்கம் எழுதினார்கள்.

வானவில்லுக்குப் பருவம் வகுத்ததும் இதே சிந்தனைதான். சீன நாள்காட்டி ஆண்டை ஏறக்குறைய ஐந்து நாள் கொண்ட 72 சிறு பொழுதுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இயற்கையில் காணும் ஒரு மாற்றத்தைப் பெயராகச் சூட்டியிருக்கிறது. ஏப்ரல் நடுவில் வரும் பொழுதுக்கு 'வானவில் முதலில் தோன்றுகிறது' என்று பெயர். நவம்பர் 22ஐ ஒட்டி வரும் பொழுதுக்கு 'வானவில் ஒளிந்து மறைகிறது' என்று பெயர். குளிர்காலத்தில் வானத்தின் ச்சி மேலே ஏறிவிடுகிறது, நிலத்தின் ச்சி கீழே இறங்கிவிடுகிறது, இரண்டுக்கும் இடையே போக்குவரத்து அற்றுப்போய் எல்லாம் அடைபட்டுக் குளிர்காலம் ஆகிறது என்று பழைய மாதமுறை நூல் விளக்குகிறது. சந்திப்பு இல்லை என்றால் வானவில்லும் இல்லை. வட சீனத்தின் குளிர்காலத்தில் மழைக்குப் பதில் பனி பெய்வதால் வானவில் தோன்றாமல் போவது இயல்பே. ஏழாம் நூற்றாண்டில் இந்தப் பகுதிக்கு உரை எழுதிய கொங் யிங்தா, மெல்லிய மேகத்தினூடே கசியும் வெயில் மழைத்துளிகளில் படும்போது வானவில் பிறக்கிறது என்று குறிப்பிட்டார். யின்-யாங் விளக்கமும் துளி விளக்கமும் ஒரே நூலில் அடுத்தடுத்து நின்றன. ஒன்று மற்றொன்றை விரட்டவில்லை.

அரண்மனைகளில் வானவில் தீய அறிகுறியாகவே பெரும்பாலும் கருதப்பட்டது. தாவோயியச் சிந்தனைகள் பெருமளவில் இடம்பெற்றுள்ள 'ஹுவாய்நான்சி' என்ற நூலை இளவரசர் லியூ ஆன் பொ.ஆ.மு. 139இல் பேரரசர் வூவுக்கு அளித்தார். அந்த நூலே வானவில்லையும் வால்வெள்ளியையும் வானத்தின் எச்சரிக்கைகளாகச் சேர்த்துச் சொல்கிறது. வானம், நிலம், அரசன் மூவரின் ச்சியும் ஒன்றோடொன்று இணைந்தது என்பதால், அரசாட்சி தடம் மாறினால் வானத்தில் அது தெரியும் என்று நம்பினார்கள். சூரியனைச் சுற்றித் தோன்றும் பத்து வகை ஒளிக்கோலங்களைக் கவனித்து நன்மை தீமை அறிவிப்பதற்கென்றே ஓர் அதிகாரி இருக்க வேண்டும் என்று ஜோ அரசமரபுக் காலத்து ஆட்சிமுறையை விவரிக்கும் நூல் வகுத்திருக்கிறது. பின்பு, ஏழாம் நூற்றாண்டில், ஜின் அரசமரபின் வரலாற்றுக்கு வானியல் பகுதிகளை எழுதிய லி சுன்ஃபெங், அரசவை வானியலாளராகவும் தாவோயிய மரபு போற்றும் அறிஞராகவும் விளங்கினார். அரண்மனைக் குறிபார்ப்பும் தாவோயியமும் ஒன்றல்ல. ஆயினும், இரண்டுக்கும் நடுவே மதிற்சுவர் இருந்ததில்லை.

'வெள்ளை வானவில் சூரியனைத் துளைத்தது' என்ற தொடர் சீன வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப வரும். அரசனின் உயிருக்கு ஆபத்து என்று அதற்குப் பொருள். பிற்காலத்தில் சீனாவின் முதல் பேரரசராகிய ச்சின் அரசரைக் கொல்ல பொ.ஆ.மு. 227இல் முயன்று தோற்ற ஜிங் கெயின் கதையோடு இந்தக் காட்சி இணைத்துப் பேசப்படுகிறது. இது மழைத்துளியால் வருவதன்று. உயரத்தில் மிதக்கும் கீற்று மேகங்களில் நீர் அறுகோணப் பனித்துகள்களாக உறைந்திருக்கும். அவற்றின் செங்குத்தான முகங்களில் வெயில் பட்டுத் திரும்பினால், சூரியன் வழியாகவே கிடைமட்டமாக ஓடும் வெண்ணிற வட்டம் ஒன்று வானில் தோன்றும். ஒளி பெரும்பாலும் கண்ணாடியில் பட்டதுபோலத் திரும்புவதால் நிறம் பிரிவதில்லை, எனவே வெள்ளை. அதே துகள்களுக்குள் ஒளி புகுந்து விலகி வெளிவந்தால் சூரியனையோ நிலவையோ சுற்றி 22 பாகை ஆரத்தில் ஒளிவட்டம் அமையும். நிலவு கோட்டை கட்டியிருக்கிறது, மழை வரும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இந்த வட்டத்தைப் பார்த்துத்தான்.

வானவில்லின் இயக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். துளிக்குள் நுழையும் வெயில் விலகி, துளியின் பின்பக்கத்தில் பட்டுத் திரும்பி, வெளியேறும்போது மறுபடியும் விலகுகிறது. நிறத்துக்கு நிறம் விலகும் அளவு வேறுபடுவதால் வெள்ளொளி பிரிகிறது. உங்கள் தலையின் நிழல் விழும் திசையிலிருந்து சிவப்பு ஏறக்குறைய 42 பாகையிலும் ஊதா ஏறக்குறைய 40 பாகையிலும் தெரியும். சூரியன் 42 பாகைக்கு மேலே ஏறிவிட்டால் சமதரையில் நிற்பவருக்கு வானவில் தெரியாது. காலையும் மாலையும் அதற்கு உரிய வேளைகளாக இருப்பது அதனால்தான். துளிக்குள் ஒளி இரண்டு முறை திரும்பினால் வெளிவில் உண்டாகும். இரண்டு முறை திரும்புகையில் ஒளி கூடுதலாக இழக்கப்படுவதால் அது மங்கலாகிறது. இதில் ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வானவில்லின் மையம் எப்போதும் பார்ப்பவரின் தலைநிழல்தான். அருகருகே நிற்கும் இருவர் காண்பது இரண்டு வேறு வானவிற்கள். வெயில், துளி, கண் ஆகிய மூன்றும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சந்திப்பதற்கே வானவில் என்று பெயர். அதை நெருங்கிப் போய்த் தொட முடியாததற்குக் காரணம் அது ஓர் இடத்தில் இல்லை என்பதே.

நமக்கு வானவில் ஏழு நிறம். அவர்களுக்கு ஐந்து. பச்சையும் நீலமும் சேர்ந்த ஒரு நிறம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு ஆகிய ஐந்தும் முறையே மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்னும் ஐந்து நிலைகளுக்கும், கிழக்கு, தெற்கு, நடு, மேற்கு, வடக்கு என்னும் ஐந்து திசைகளுக்கும் உரியவை. கல்லீரல், இதயம், மண்ணீரல், நுரையீரல், சிறுநீரகம் என்ற ஐந்து உறுப்புகளுக்கும் இதே வரிசை பொருந்தும். வானவில்லில் கறுப்பு எங்கே என்று கேட்டால், அது நிறங்களை எண்ணிப் பார்த்த கணக்கன்று என்பதே விடை. ஐந்து நிற ஒளி என்று ஒரு தாவோயிய நூல் சொன்னால், அங்கே உலகின் எல்லாத் திசைகளும் எல்லா நிலைகளும் குறைவின்றிக் கூடியிருக்கின்றன என்று பொருள்கொள்ள வேண்டும். வானம் உடைந்து சரிந்தபோது நூவா என்ற தாய்த்தெய்வம் ஐந்து நிறக் கற்களை உருக்கி அதை ஒட்டுப்போட்டாள் என்று முன்பு குறிப்பிட்ட ஹுவாய்நான்சி நூல் கூறுவதிலும் இந்த முழுமைதான் அடங்கியிருக்கிறது.

ஐந்து நிறம் நல்லறிகுறியாகத் தோன்றுவது பெரும்பாலும் மேகத்தில். புகைபோல் இருந்து புகையாகாத, மேகம்போல் இருந்து மேகமாகாத, சுருண்டு திரண்டு விளங்கும் மங்கல மேகம் என்று சீனாவின் முதற்பெரும் வரலாற்று நூல் அதை வருணிக்கிறது. வெயில் அருகே நிற்கும் மெல்லிய மேகத்தின் ஓரங்களில் சில நாள் இளஞ்சிவப்பும் பச்சையும் முத்துச்சிப்பியின் உட்புறம் போல மினுங்கும். ஒரே அளவான மிக நுண்ணிய துளிகளால் ஒளி விளிம்பு விளைவுக்கு, அதாவது நுண்ணிய தடைகளின் விளிம்பில் வளைந்து பரவுவதற்கு, உட்படுவதால் வரும் நிறம் அது. வெறுங்கண்ணால் சூரியனை நேரே பார்க்காமல், ஒரு மரமோ கட்டடமோ சூரியனை மறைக்கும் இடத்தில் நின்று பார்த்தால் மாதத்தில் சில நாளாவது கண்ணில் படும். பாம்பு வானவில் அஞ்சத்தக்கதாகவும் ஐந்து நிற மேகம் வணங்கத்தக்கதாகவும் ஏன் பிரிந்தன என்பதற்கு ஒரே விடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வானவில் இரு முனைகளால் நிலத்தைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. மேகமோ எதையும் பற்றாமல் மிதக்கிறது. தாவோயியர்களின் மனம் மிதப்பதன் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை.

இனி, தாவோயியத்துக்கே சொந்தமான பகுதிக்கு வருவோம். வைகறையிலும் அந்தியிலும் மேகத்தில் பரவும் செந்நிற ஒளியைச் சீனர்கள் 'ஷியா' என்பார்கள். நள்ளிரவுப் பனிநீரைப் பருகி, நண்பகல் வெயிலால் வாய் கொப்பளித்து, காலைச் செவ்வொளியை வாயில் வைத்திருக்கும் வானுலாவியைப் பற்றிப் பழந்தென்னாட்டுச் சீனக் கவிதை ஒன்று பாடுகிறது. பொ.ஆ. 364 முதல் 370 வரை, இன்றைய நான்ஜிங் நகருக்கு அருகே உள்ள மாவோஷான் மலைப்பகுதியோடு தொடர்புடைய யாங் ஷீ என்பவருக்கு இரவுகளில் தெய்வ வெளிப்பாடுகள் கிடைத்ததாக மரபு கூறுகிறது. அவற்றை அருளியவர்களுள் முதன்மையானவர், 334இல் மறைந்த வெய் ஹுவாசுன் என்ற பெண்மணி. அந்த வெளிப்பாடுகளிலிருந்து 'உயர் தூய்மை' என்னும் பொருள்படும் ஷாங்ச்சிங் மரபு பிறந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து தாவோ ஹொங்ஜிங் என்ற அறிஞர் அந்தக் கையெழுத்துகளைத் தேடித் திரட்டித் தொகுத்தார்.

அந்தத் தொகுப்பில் சூரியனே ஷியாவின் திரண்ட கனி, ஷியாவோ சூரியனின் சாரம் என்று சொல்லப்படுகிறது. கனியை உண்ணும் வழி பலர் அறிந்தது, சாரத்தை உண்ணும் வழி மறைவானது என்றும் அது சேர்த்துச் சொல்கிறது. பயிற்சிகளுள் ஒன்றை அருகில் வைத்துப் பார்க்கலாம். பயில்பவர் தம் இதயத்துக்குள் காசளவு சிறிய, சிவந்த சூரியன் ஒன்று இருப்பதாக மனத்தில் நிறுத்த வேண்டும். அதிலிருந்து ஒன்பது கதிர்கள் கிளம்பித் தொண்டை வழியே மேலேறிப் பற்கள்வரை வந்து, வெளியே போகாமல் திரும்பி இரைப்பைக்குள் இறங்குவதாகக் காண வேண்டும். இங்கே வானம் ஓர் அறிகுறிப் பலகையாக இருப்பது நின்றுபோகிறது. வெளியே விடிவதும் உள்ளே விடிவதும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள் ஆகின்றன. அரண்மனை அதிகாரி வானத்து ஒளியைப் பார்த்து, இது எதைத் தெரிவிக்கிறது என்று கேட்டார். மலையில் இருந்தவரோ, இந்த ஒளியோடு நான் எப்படி ஒன்றாவது என்று கேட்டார். தாவோயியத்தின் ஆன்மிகப் பொருள் என்று எதையேனும் சொல்ல வேண்டுமானால் அது இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

ஷியாவை உண்பவர் என்றாலே சீனக் கவிதையில் சித்தர் நிலை எய்தியவர் என்று பொருளாகிவிட்டது. தாவோயியப் பூசகர்களின் மேலாடைக்கும் ஷியா ஆடை என்ற பெயர் வழங்குகிறது. தாய்ஷான் என்னும் புனித மலையின் உச்சியருகே கோயில் கொண்டு, பிள்ளைவரம் வேண்டி வரும் பெண்களால் பெரிதும் வணங்கப்படும் தேவியின் பெயரான பிஷியா யுவான்ஜுன் என்பதிலும் அதே ஷியா இருக்கிறது. நீலப்பச்சை வைகறை மேகத்தின் தலைவி என்பது அதன் பொருள். தாவோ தே ஜிங்கை இயற்றியவராக மரபு போற்றும் லாவோட்சு மேற்கு நோக்கி ஹான்கு கணவாயை அடைந்தபோது, கிழக்கிலிருந்து ஊதா நிற ச்சி மிதந்து வருவதைக் கண்ட கணவாய்க் காவலர், ஒரு பெரியவர் வருகிறார் என்று முன்கூட்டியே அறிந்ததாகக் கதை உண்டு. 'கிழக்கிலிருந்து ஊதா ச்சி வருகிறது' என்ற நான்கு எழுத்துகளை இன்றும் புத்தாண்டில் வாசல்களில் எழுதி ஒட்டுகிறார்கள்.

மலைகளில் தோன்றும் இன்னோர் ஒளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிச்சுவானில் உள்ள எமெய் மலையின் பொன்முடி 3,077 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இன்று அது பௌத்தர்களின் புனித மலை. தாவோயியர்கள் புனித மலையிடங்களாகப் போற்றும் 36 சிறு குகை விண்ணுலகங்களின் பட்டியலிலோ அதற்கு ஏழாம் இடம் உண்டு. அங்கே பள்ளத்தாக்கில் மேகம் நிரம்பி, சூரியன் பின்னால் இருக்கும்போது, செங்குத்துப் பாறை விளிம்பில் நிற்பவரின் நிழல் மேகத்தின் மேல் விழும். தலைநிழலைச் சுற்றிச் சிறிய, பலநிற வளையங்கள் சுடர்விடும். 1177இல் அங்கே சென்ற ஃபான் செங்தா என்ற அதிகாரி, ஒவ்வொருவரும் தம் உருவத்தைக் கண்ணாடியில் போல் ஒளியின் நடுவே காண்பதாகவும், கையை உயர்த்தினால் நிழலும் உயர்த்துவதாகவும், ஆனால் பக்கத்தில் நிற்பவரின் உருவம் தெரிவதில்லை என்றும் எழுதி வைத்தார். மேகத்தின் துளிகள் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே உள்ளதால், அவை ஒளியை வந்த திசைக்கே சிதறித் திருப்பும்போது விளிம்பு விளைவால் வளையங்கள் உண்டாகின்றன. கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக் பாதையில், பள்ளத்தாக்கில் மேகம் தங்கிச் சூரியன் பின்னால் இருக்கும் நாள்களில், இதே நிழலைக் காண வாய்ப்பு உண்டு. பௌத்தர்கள் இதைப் புத்தரின் ஒளி என்றார்கள். தன் தலையைச் சுற்றி மட்டுமே ஒளி தெரிவதை அருள் என்று எடுத்துக்கொள்வதா, ஒவ்வொருவருக்கும் அப்படியே தெரிகிறது என்று அறிந்து அமைவதா என்பது பார்ப்பவரின் பக்குவத்தைப் பொறுத்தது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவது நல்லது. இறக்கும் வேளையில் உடல் பலநிற ஒளியாகக் கரைந்துவிடுவதாகச் சொல்லப்படும் 'வானவில் உடல்' என்ற கருத்தைத் தாவோயியத்தோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது திபெத்தின் ஸோக்சென் மரபுக்கு உரியது. தாவோயியத்தில் அதற்கு அருகில் வருபவை வேறு. பட்டப்பகலில் விண்ணேறுதல், பறவைபோல் சிறகு பெற்று மாறுதல் என்ற பழைய கருத்துகள் உண்டு. பொன்னொளி மந்திரம் என்று ஒரு மந்திரம் உண்டு. என் உடலில் பொன்னொளி இருக்கிறது, அது என்னை மூடி ஒளிர்கிறது என்று அதில் ஓர் அடி வருகிறது. தாவோயிய மடங்களின் காலை வழிபாட்டில் இன்றும் அதை ஓதுகிறார்கள்.

இத்தனை ஒளிகளைப் பற்றிப் பேசும் மரபின் மூலநூல் ஒளியைக் கண்டு மயங்காதே என்றும் சொல்கிறது. ஐந்து நிறங்கள் கண்ணைக் குருடாக்கும் என்கிறது தாவோ தே ஜிங்கின் 12ஆம் பகுதி. சூறைக்காற்று ஒரு காலை முழுதும் வீசாது, பெருமழை ஒரு நாள் முழுதும் பெய்யாது, வானமும் நிலமும் செய்வதே நிலைக்காதபோது மனிதர் செய்வது எம்மாத்திரம் என்கிறது 23ஆம் பகுதி. 56ஆம் பகுதி தன் ஒளியைத் தணித்துப் புழுதியோடு கலந்திருக்கச் சொல்கிறது. பழந்தாவோயிய ஞானி ஜுவாங்ட்சுவின் பெயரால் வழங்கும் நூலோ, எவ்வளவு ஊற்றினாலும் நிரம்பாத, எவ்வளவு எடுத்தாலும் வற்றாத ஒன்றைப் 'போர்த்திய ஒளி' என்று அழைக்கிறது. இவற்றை ஷியா உண்ணும் பயிற்சியோடு முரண்பட்டவையாக நான் படிக்கவில்லை. ஒன்பது கதிர்களும் பற்கள்வரை வந்து வெளியே சிந்தாமல் உள்ளே திரும்பிவிடுகின்றன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒளியைப் போர்த்திக்கொள்வதே.

ஜாங் ஜீஹெக்கு முன்னூறு ஆண்டுகள் பிற்பட்டவர் ஷென் குவோ. சொங் அரசமரபுக் காலத்தின் தலைசிறந்த அறிவியல் மனம் அவருடையது. 1070களில் வடக்கே கித்தான் நாட்டுக்குத் தூதுவராகச் சென்று, ஒரு மலையடிவாரத்தில் கூடாரம் அடித்திருந்தபோது, மழை ஓய்ந்த மாலையில் வானவில் ஒன்று கூடாரத்தின் முன்னால் ஓடிய ஓடையில் இறங்கக் கண்டார். வானவில் ஓடையில் இறங்கி நீர் குடிக்கும் என்று உலகம் சொல்வது உண்மைதான் என்று தொடங்கி, அவர் அதை எழுதி வைத்திருக்கிறார். உடன் வந்தவர்களோடு கரைக்குப் போய்ப் பார்த்தார். இரு முனைகளும் ஓடைக்குள் இறங்கியிருந்தன. ஓர் ஆளை ஓடையைக் கடந்து எதிர்க்கரையில் நிற்கச் சொன்னார். நடுவே மெல்லிய பட்டுத்துணி தொங்குவது போல, வானவில்லினூடே அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேற்கே நின்று கிழக்கே நோக்கினால் வானவில் தெரிந்தது. கிழக்கே நின்று மேற்கே நோக்கியபோது வெயில் கண்ணைக் கூசியதே தவிர வேறொன்றும் தெரியவில்லை. வானவில் என்பது மழையில் விழும் சூரியனின் நிழல், வெயில் மழையில் பட்டால் அது உண்டாகும் என்ற தம் காலத்து அறிஞர் சுன் யான்ஷியானின் கூற்றையும் அங்கேயே எடுத்துக்காட்டுகிறார். நெடுநேரம் கழித்து வானவில் மெல்லக் கிழக்கே நகர்ந்து மலையைத் தாண்டிப் போயிற்று. மறுநாள் ஒரு தங்கல் தொலைவு பயணம் செய்தபின் அதை மறுபடியும் கண்டார்கள்.